இருபத்திரண்டாவது கேள்வி

பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு வினாத்தாள் எடுப்பதில் ஆசிரியருக்குப் பெரிய சுதந்திரம் ஒன்றும் கிடையாது. வெளியில் இருப்பவர்கள் என்னவோ நாங்கள் கன்னத்தில் கை வைத்து யோசித்து யோசித்துக் கேள்விகளை உண்டாக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மதிப்பெண் கேள்விகள் பாடத்தின் பின்பக்கத்தில் அச்சாகியே இருக்கின்றன. எடுத்து வைத்தால் போதும். பெரிய கேள்விகளும் பெரும்பாலும் அப்படித்தான். எந்தப் பாடத்துக்கு எவ்வளவு மதிப்பெண், எது எளிது, எது நடுத்தரம், எது கடினம் என்று புளூபிரிண்ட் என்ற பெயரில் கட்டம் போட்ட தாள் ஒன்று வந்துவிடும். அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு என்று யாரோ அளந்து கொடுத்த பிறகு நாங்கள் அடுப்பைப் பற்றவைக்கிறோம்.

எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள ஒன்றிரண்டு கேள்விகள்தான் மிஞ்சும். அதில் ஒன்று இருபத்திரண்டாவது கேள்வி. இரண்டு மதிப்பெண் பகுதியில் மற்றவற்றில் பிடித்ததை எழுதலாம், பிடிக்காததை விட்டுவிடலாம். கடைசியாக வரும் இதை விட முடியாது. கட்டாய வினா என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். பெரும்பாலும் ஒரு சின்னக் கணக்கு. புத்தகத்தில் இருக்கும் கணக்கை அப்படியே கேட்கக் கூடாது. சூத்திரம் புத்தகத்தினுடையது, எண்களையும் சங்கதியையும் நாங்களே போட வேண்டும்.

மற்ற ஆசிரியர்கள் பலர் இதற்கு அதிகம் மெனக்கெட மாட்டார்கள். ஈரோட்டுப் பக்கம் ஏதோ ஒரு பள்ளியின் தாள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றி வரும். அதிலிருந்து ஒன்றை எடுத்து எண்ணை மட்டும் மாற்றிப் போட்டுவிடுவார்கள். எனக்கு அது ஆகாது. வருஷம் பூராவும் அடுத்தவர் கேள்வியைத்தான் கேட்கிறோம், இரண்டு மதிப்பெண்ணுக்காவது சொந்தமாக யோசிக்கக் கூடாதா என்று எரிச்சல் வரும். ஆகவே இருபத்திரண்டை நானே போடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பிள்ளைகள் தயாராகும் விதம் இன்னும் வேடிக்கை. பாடத்தைப் படிப்பதைவிடக் கேள்வி எடுப்பவரைப் படிப்பதில்தான் அவர்களுக்கு அக்கறை. அந்த சாருக்கு இதயத்தின் படம் பிடிக்கும், இந்த மிஸ் எப்போதும் கடைசிப் பாடத்தை விட்டுவிடுவார் என்று விரல்நுனியில் வைத்திருப்பார்கள். டியூஷன் சென்டரில் மினிமம் மெட்டீரியல் என்று மெல்லிசாக ஒன்று தருகிறார்கள். அதைப் படித்தால் தேர்ச்சி நிச்சயம், அதற்கு மேல் ஒரு வரி தெரியாது என்பதும் நிச்சயம். தேர்வுக்கு முந்தைய வகுப்பில் மணி அடிக்கும் நேரத்தில் எல்லோரும் சேர்ந்து, "மிஸ், இம்பார்டண்ட் சொல்லுங்க மிஸ்" என்று ஆரம்பிப்பார்கள். புத்தகத்தில் நட்சத்திரம் போடப் பென்சிலைச் சீவித் தயாராக வைத்திருப்பார்கள். "எல்லாமே இம்பார்டண்ட்தான், போங்க" என்பேன். இந்த மிஸ்ஸிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

எங்கள் வீடு பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிறது. பள்ளியும் மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டியே இருப்பதால் பஸ்ஸில் நாலைந்து நிறுத்தம்தான். வீட்டுக்காரர் பக்கத்துத் தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பம்பு செட்டுக்கு வேண்டிய சாஃப்ட் என்னும் சுழல்தண்டு, அதைத் தாங்கும் புஷ் எல்லாம் கடைந்து கொடுப்பார். ஒரே மகள். ஆசிரியர் பிள்ளை என்பதால் என் பள்ளியிலேயே சேர்த்தோம். பத்தாம் வகுப்புக்கு வந்தபோது என் பிரிவிலேயே விழுந்தாள். இன்னொரு பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். அந்தப் பிரிவுக்கும் அறிவியல் நான்தான் என்பதால் மாற்றி என்ன பயன் என்று கேட்டார்கள். அதுவும் நியாயம்தான்.

வினாத்தாள் எடுக்கும் வாரத்தில் வீட்டில் சில ஏற்பாடுகள் உண்டு. சாப்பாட்டு மேசை என்னுடையது. மகள் முன்னறையில் இருப்பாள். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வருவதானால்கூட, "வரலாங்களாம்மா?" என்று குரல் கொடுத்துவிட்டு, கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு மேசையைக் கடந்து போவாள். நான் சொல்லிக் கொடுத்ததில்லை. தாளைப் போட்டு வைத்த பென்டிரைவ் என் சாவிக்கொத்திலேயே தொங்கும். இவ்வளவு இருந்தும் அவள் நல்ல மதிப்பெண் வாங்கினால், அம்மா சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்றுதான் வகுப்பில் பேச்சு. குறைந்தால், சொல்லிக் கொடுத்தும் வரவில்லை என்பார்கள். டீச்சர் பிள்ளையாகப் பிறந்தால் அனுபவிக்க வேண்டியதுதான் என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாப்பாட்டு விஷயம்தான் உறுத்தியது. மதிய இடைவேளையில் பெண் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் டப்பாவில் ஒருவர் கைவைத்துச் சாப்பிடுவார்கள். என் மகள் தண்ணீர்க் குழாய்த் திட்டில் தனியாக உட்கார்ந்திருப்பாள். டீச்சர் பெண்ணிடம் ஒன்றைச் சொன்னால் அது ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விடும் என்று யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. ஸ்டாஃப் ரூம் ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தக் குழாய் நேராகத் தெரியும். நான் இறங்கிப் போய் ஏதாவது செய்தால் இன்னும் மோசமாகும். ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு ஒருநாள் திரும்பிப் பார்த்தபோது குழாய்த் திட்டு காலியாக இருந்தது. அவள் வேப்பமரத்தடி வட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அந்த வட்டத்துக்குத் தலைவி ஒரு சுருட்டை முடிக்காரி. நல்ல வாய், கெட்டிக்காரி, படிப்பதற்கு மட்டும் சோம்பல். அவள் டப்பாவிலிருந்து என் மகள் உருளைக்கிழங்கு எடுத்துத் தின்பதைப் பார்த்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஏன், எப்படி என்று கேட்டுக் காரியத்தைக் கெடுக்கவில்லை.

காரணம் தானாகவே வந்து சேர்ந்தது. ஒருநாள் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது சுருட்டை முடிக்காரி பின்னாலேயே வந்து, "மிஸ், உங்க ஊட்டு மிக்ஸி ரெடியாயிருச்சுங்களா மிஸ்?" என்று அக்கறையாகக் கேட்டாள்.

எங்கள் வீட்டு மிக்ஸி மோட்டாரின் காயில் கம்பி கருகியது உண்மை. அது இவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் இவளுக்கு அதில் என்ன? ஸ்டாஃப் ரூமுக்கு வந்து உட்கார்ந்து அந்த வருஷம் நான் எடுத்த தாள்களை வெளியே எடுத்து வைத்தேன். முதல் இடைப்பருவத் தேர்வில் இருபத்திரண்டாவது கேள்வி: ஒரு மாவரைக்கும் இயந்திரத்தின் திறன் இவ்வளவு, மின்னழுத்தம் இவ்வளவு, அதில் பாயும் மின்னோட்டம் எவ்வளவு? அந்த வாரம்தான் கிரைண்டரைப் போட்டால் வீட்டில் ஃபியூஸ் போய்க்கொண்டிருந்தது. காலாண்டில் ஒரு லென்ஸின் குவியத் தூரம் கொடுத்துத் திறனைக் கேட்டிருந்தேன். அதற்குச் சில நாள் முன்புதான் வீட்டுக்காரருக்குப் புதுக்கண்ணாடி வாங்கினோம். விடையாக வரும் திறனே அவர் கண்ணாடியினுடையதுதான். அதற்கடுத்த தேர்வில் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலின் நிறை சதவீதம். மகளுக்குக் காய்ச்சல் வந்து நாள் பூராவும் அதைத்தான் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சொந்தமாக யோசிக்கிறேன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். என் வீட்டில் என்ன பழுதாகிறதோ அதையெல்லாம் ஒரு வகுப்புக்கே கணக்காகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எனக்குத் தெரியாத இந்த விஷயத்தைப் பத்தாம் வகுப்பு சி பிரிவு கண்டுபிடித்துவிட்டது.

சாயங்காலம் மகளைக் கேட்டேன். அவள் பயப்படவும் இல்லை, மழுப்பவும் இல்லை.

"கேள்வி எதுவும் நாஞ் சொல்லலீங்கம்மா. எனக்கே தெரியாது. இந்த வாரம் உங்க ஊட்டுல என்னடி நடந்துச்சுன்னு கேப்பாங்க. நடந்தத சொல்லுவேன். அவங்களா எந்தப் பாடம்னு கண்டுபிடிச்சுக்குவாங்க."

"நீ கண்டுபிடிக்க மாட்டியா?"

"நானும்தான் பாப்பேன். ஆனா அவதான் கரெக்டா புடிப்பா" என்று சுருட்டை முடிக்காரியைச் சொன்னாள்.

எந்த விதியை வைத்து இதைத் தப்பு என்பது? வீட்டில் மிக்ஸி கருகியதை வெளியே சொல்லக் கூடாது என்று எந்தக் கல்வித் துறையும் சுற்றறிக்கை அனுப்பியதில்லை. மேலும் இன்னொன்றையும் நான் பார்த்தேன். மிக்ஸி கருகிய செய்தி கிடைத்ததும் அந்தப் பிள்ளைகள் மின்சாரப் பாடத்தில் இருந்த கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நான் தொண்டை கிழியக் கத்தியும் ஒரு கணக்குப் போடாதவர்கள். காய்ச்சல் என்றதும் கரைசல் பாடத்தைப் புரட்டியிருக்கிறார்கள். மினிமம் மெட்டீரியல் செய்யாத வேலையை என் வீட்டு ரிப்பேர்கள் செய்திருந்தன. அப்புறம் அந்த வேப்பமரத்தடியும் இருந்தது. போகிற வரைக்கும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டில் நடக்காத ஒன்றைக் கேள்வியாகப் போடலாமே என்று முயன்றும் பார்த்தேன். மலையடிவாரத்தில் நின்று குரல் கொடுக்கும் மனிதன், பனிக்கட்டி உருகும் பாத்திரம் என்று எழுதினால் கேள்வி உயிரில்லாமல் கிடந்தது.

அரையாண்டு முடிந்த சமயத்தில்தான் வீட்டுக்காரருடைய காது விஷயம் தெரிய வந்தது. அதற்கு முன்பே அடையாளம் இருந்திருக்கிறது. செல்போன் பக்கத்திலேயே அடித்துக்கொண்டிருக்கும், அவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். குக்கர் விசில் எதுவும் அவருக்குப் போய்ச் சேர்வதில்லை. கூப்பிட்டால் திரும்பாததை நான் மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொண்டு பல தடவை சண்டை போட்டிருக்கிறேன். டி.வி. சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் அளவுக்குப் போனபோதுதான் சந்தேகம் வந்தது.

ஒரு சனிக்கிழமை கோயம்புத்தூரில் ஒரு காது மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். மகளுக்குச் சிறப்பு வகுப்பு இருந்தது. நானும் வருவேன் என்று அடம்பிடித்து வந்தாள். கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். நானும் மகளும் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தேர்வெழுத வந்த பையனைப் போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் அமுக்கினார். பிறகு கை சும்மா இருந்தது. இவ்வளவு நேரம் அமுக்காமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியிருக்க வேண்டும்; எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு இரண்டு மூன்று தடவை சும்மாவே அமுக்கினார். பரிசோதனை செய்த பெண் கதவைத் திறந்து, "கேட்டா மட்டும் அமுக்குங்கய்யா" என்றாள். விடை தெரியாமல் குத்துமதிப்பாக டிக் அடிக்கும் பிள்ளைகளை நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! அன்றைக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கையில் கொடுத்த கிராஃப்பில் இரண்டு கோடுகள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்து ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்திருந்தன. லேத் போடுவதற்கு முன்னால் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் பல வருஷம் வேலை பார்த்தவர் அவர். மெஷின் சத்தத்தில் இருந்தவர்களுக்கு இந்த இடத்தில்தான் முதலில் அடிபடும் என்று டாக்டர் பள்ளத்தைத் தொட்டுக் காட்டினார். காது மெஷின் வைத்தால் பெருமளவு சமாளிக்கலாம் என்றார். காதுக்குப் பின்னால் உட்காரும் சின்ன மெஷின் ஒன்றை அன்றைக்கே வாங்கினோம்.

திரும்பி வரும் வழியில் துடியலூர் தாண்டும்போது அவர் அந்த கிராஃப்பை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அதன் பிறகு எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்.

"இத வெளிய யாருகிட்டயும் சொல்லிக்க வேண்டாம். காது கேக்காதவன்னு ஒருக்கா பேரு வந்துபோட்டா அப்பறம் எவனும் நம்ம மூஞ்சியப் பாத்துப் பேசமாட்டான். பக்கத்துல இருக்கறவங்கிட்டத்தான் பேசுவான். ஆர்டரக்கூட ஆளுககிட்டச் சொல்லீட்டுப் போயிருவான். சரிதானே அம்மணி?"

"சரிங்கப்பா. நாஞ் சொல்லமாட்டேன்" என்றாள் மகள்.

மெஷினை அவர் வீட்டில் மட்டும் வைத்துக்கொண்டார். அதுவும் எல்லா நேரமும் இல்லை. பட்டறைக்குப் போகும்போது கழற்றி டி.வி. பக்கத்தில் இருக்கும் டப்பாவுக்குள் போட்டுவிடுவார். முடி மறைப்பதால் வைத்திருக்கிறாரா இல்லையா என்று எங்களுக்கே சில சமயம் தெரியாது.

அடுத்த வாரம் திருப்புதல் தேர்வு. வழக்கம்போலச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தாளை முடித்தேன். இருபத்திரண்டுக்கு ஒலியியலிலிருந்து ஒரு கணக்கு போட்டேன். அலையின் வேகம், அதிர்வெண், அலைநீளம் மூன்றுக்கும் உள்ள தொடர்பு. ஒரே வரிச் சூத்திரம். ஒலியின் வேகம் விநாடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டர், ஒரு கருவி எழுப்பும் ஒலியின் அதிர்வெண் நாலாயிரம் ஹெர்ட்ஸ், அலைநீளம் என்ன? சுலபமான கேள்விதான். இதில் வீட்டுச் சமாச்சாரம் எதுவும் இல்லை என்ற திருப்தியோடு தாளைக் கொடுத்துவிட்டேன்.

அங்கே வேப்பமரத்தடியில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இந்த வாரம் உங்கள் வீட்டில் என்ன என்று வழக்கம்போலக் கேட்டிருக்கிறார்கள். ஒன்றுமில்லை என்றிருக்கிறாள். ஒன்றுமில்லாமலா சனிக்கிழமை வகுப்புக்கு வராமல் போனாய் என்று விடாமல் துளைத்திருக்கிறார்கள். கடைசியில் மாமா வீட்டில் விசேஷம் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டாள். விசேஷம் என்றால் விருந்து, விருந்து என்றால் பாயசம், பாயசம் என்றால் கரைசல் என்று சுருட்டை முடிக்காரி முடிவு கட்ட, வகுப்பே உட்கார்ந்து கரைசல் பாடத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருக்கிறது. ஒலியியலை யாரும் தொடவில்லை.

தேர்வில் இருபத்திரண்டுக்குப் பாதிப் பேர் கேள்வி எண்ணை மட்டும் எழுதி இடத்தை விட்டிருந்தார்கள். என் மகள் சரியாக எழுதியிருந்தாள். அது போதாதா? நீயும் உன் அம்மாவும் சேர்ந்து எங்களை ஏமாற்றிவிட்டீர்கள், உனக்கு மட்டும் கேள்வியைச் சொல்லிக் கொடுத்துவிட்டு எங்களுக்குப் பாயசம் ஊற்றினீர்கள் என்று சுருட்டை முடிக்காரி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். மறுநாள் மதியம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மகள் குழாய்த் திட்டில் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னலோர நாற்காலியில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். மகள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பாயசக் கதை முழுவதையும் சொல்லிவிட்டு, "அந்த நாலாயிரம் எங்கிருந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியலீங்களாம்மா?" என்று கேட்டாள்.

"எங்கிருந்து?"

"அப்பாவோட கிராஃப்ல. கோடு கீழ விழுகற எடம்."

நான் பேனாவை வைத்துவிட்டேன். டாக்டர் விரல் வைத்த இடம் கண் முன்னால் வந்தது. பள்ளத்துக்கு நேர் மேலே அந்த எண்தான் இருந்தது.

"ஹால்ல கேள்வியப் பாத்ததும் எனக்கு அழுகையே வந்துருச்சு. எழுதாம உட்டறலாமான்னுகோட நெனச்சேன்."

"எழுதியிருக்கிறியே?"

"ரெண்டு மார்க்கில்லீங்களா!" என்றாள். அவளுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. உடனே முகம் மாறிவிட்டது. "போச்சாது விடுங்கம்மா. இன்னும் கொஞ்ச நாள்தான, பப்ளிக் வந்துரும். தனியா சாப்பிட்டா நானென்ன செத்தா போயிருவேன்? காது விசயத்த மட்டும் சொல்லமாட்டேன். அப்பாகிட்ட சொல்லியிருக்கறேன்."

எனக்கு யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை. அந்தச் சுருட்டை முடிக்காரிமேல், என் கர்வத்தின்மேல், ஒரு வரிச் சூத்திரத்தின்மேல் எல்லாம் கோபமாக வந்தது. "அவரு காது கேக்காததுக்கு நீ ஏண்டி தனியாக் கெடக்கோணும்?" என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் குரலைத் தணித்துப் பேசும் வழக்கம் அந்தச் சில நாட்களிலேயே எங்களுக்குப் போய்விட்டிருந்தது. நாற்காலி, அலமாரி, அவர் என்று ஆகிவிட்டது. பேப்பர் அசையவில்லை. சற்றுப் பொறுத்து அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு பட்டறைப் பக்கம் போனார். ஞாயிற்றுக்கிழமை பட்டறை கிடையாது. அதையும் நான் யோசிக்கவில்லை. டி.வி. பக்கத்திலிருந்த டப்பாவைத் திறந்து பார்த்திருந்தால் அது காலியாக இருந்தது தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை மதியம் ஸ்டாஃப் ரூமில் டப்பாவைத் திறக்கும்போது கேட்டில் அவர் வண்டி நிற்பதைப் பார்த்தேன். சாப்பாட்டுப் பை கொண்டுவரும் பெற்றோரை மட்டும்தான் வாட்ச்மேன் அந்த நேரத்தில் உள்ளே விடுவார். அவர் கையிலும் ஒரு பை இருந்தது. மகளுக்கு நான் காலையிலேயே கட்டிக் கொடுத்துவிட்டேனே என்று நினைத்துக்கொண்டு பார்த்தால், அவர் குழாய்த் திட்டைத் திரும்பியும் பார்க்காமல் வேப்பமரத்தடிக்கு நடந்துகொண்டிருந்தார். டப்பாவை அப்படியே போட்டுவிட்டுப் படியில் இறங்கி ஓடினேன்.

போய்ச் சேர்வதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. வட்டமாக உட்கார்ந்திருந்த நாலைந்து பெண்களிடம் சொல்வதாக நினைத்து மைதானத்துக்கே சொல்லிக்கொண்டிருந்தார்.

"கண்ணு, நான் உங்க மிஸ் ஊட்டுக்காரனுங்க. எனக்குக் காது செரியாக் கேக்கறதில்லீங்க சாமி. அந்தச் சனிக்கெழம விசேசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்னையத்தான் டெஸ்டுக்குக் கூட்டீட்டுப் போனாங்க. வெளிய யாருகிட்டயும் சொல்லாதன்னு எம் புள்ளைகிட்ட நாந்தான் சொல்லிப்போட்டேன். அவ மேல ஒரு தப்பும் இல்லீங்க." சொல்லிக்கொண்டே முடியை ஒதுக்கித் தலையைச் சாய்த்து மெஷினைக் காட்டினார். "இதா பாருங்க, இதுதான்."

கபடி விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் நின்றுவிட்டார்கள். மாடி வராண்டாவில் இரண்டு ஆசிரியர்கள் எட்டிப் பார்த்தார்கள். குழாய்த் திட்டில் என் மகள் கையில் சோற்றுடன் எழுந்து நின்றாள். அவர் பயந்த இடத்துக்கு அவராகவே வந்து நின்றிருக்கிறார், இப்போது இந்தப் பிள்ளைகள் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்து ஏதாவது கேட்கப்போகிறார்கள் என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

சுருட்டை முடிக்காரி எழுந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"அங்கிள், எத்தன ஹெர்ட்ஸுங்க கேக்கல?"

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நாலாயிரத்துகிட்டன்னு போட்டிருந்துச்சு கண்ணு."

"ஐயோ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நாலாயிரம்! ஏய், நாலாயிரம்டி!" மற்றவர்களும் ஆளாளுக்குக் கத்தினார்கள். கைக்குள் இருந்த கேள்வியைக் கோட்டைவிட்டுவிட்டோமே என்ற வயிற்றெரிச்சல் ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருந்தது. இரக்கம் என்று பெயர் சொல்லும்படி அங்கே எதுவும் இல்லை. அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. சுருட்டை முடிக்காரி குழாய்ப் பக்கம் பார்த்து, "ஏய், அங்கென்ன நிக்கற? வந்து தொலை" என்று கத்திவிட்டு, தன் டப்பாவை நகர்த்தி இடம் விட்டாள். மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் அவள் தலையில் ஒருமுறை கை வைத்துவிட்டு நடந்தார்.

கேட் வரைக்கும் கூடவே போனேன். "பையில என்னங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. பை இல்லாட்டி அந்தாளு உள்ள உடமாட்டான்னு நீதான ஒருக்கா சொன்ன" என்றார். வண்டியின் ஸ்டாண்டை எடுத்தவர் நின்றார். "ஏம்புள்ள, அந்தக் கணக்குக்கு விடை என்ன?"

பக்கத்தில் வாட்ச்மேன் நின்றதால் தணிந்த குரலிலேயே சொன்னேன். "எட்டரை சென்டிமீட்டருங்க."

அவருக்குக் கேட்டது. சென்டிமீட்டரெல்லாம் பட்டறையில் செல்லாது. "எம்பத்தஞ்சு எம்.எம்." என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துச் சரியாக அந்த அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். தினமும் அந்த அளவில் எத்தனையோ சாஃப்ட் கடைந்தவர். விரல்களுக்கு நடுவில் இருந்த வெறும் இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தனூண்டா?" என்றார். "நான் என்னமோ பெருசா எதையோ தொலைச்சுப்போட்டேன்னு இருந்தேன்."

அப்புறம் விரலை மடக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். பட்டறைக்குப் போகும்போது மெஷினைக் கழற்றவில்லை.